ஒரு விரலால் காட்டும் வலி

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் நாலாவது கிலோமீட்டரில் வந்துவிட்டது. இடது கால், முழங்காலுக்குக் கீழே, உள்பக்க எலும்பு. ஐந்து வாரமாக இதே பாட்டு. மருந்துக்கடையில் வலிக்குக் களிம்பு கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்தபடி எடுத்துக் கொடுக்கிறேன், கவுண்டருக்குப் பின்னால் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு.

எங்கள் ஓட்டக் குழு கோச்சிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஓரகத்திதான் தடுத்தாள். "ஞாயித்துக்கிழமை தேர்வு ஓட்டம் அக்கா. இப்பப் போய்ச் சொன்னா கழட்டி விட்ருவாரு. பாதி வலி மனசுலதான். ஓடுங்க, தானா சரியாயிடும்." கொழுந்தனும் அவளும் எங்களுக்குக் கீழ் வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடத் தெரியாதவள். ஷூ வாங்கக் கூட்டிப்போனது முதல் எல்லாம் நான். அக்கறையில்தான் சொல்கிறாள்.

மார்ச் 16, ஞாயிறு

ஓடினேன். முடித்தேன். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடியேறினேன். ஜூனில் நாலு பெண்கள் ஓடும் தொடர் ஓட்டம், அதில் கடைசி ஓட்டம் எனக்கு! கோச் வாயாலேயே சொல்லிவிட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

அடிப்பாவி.

கோச் போன் பண்ணினார். "அஞ்சு வாரமா வலியாமே, ஏம்மா மறைச்சீங்க? உங்க ஓரகத்தி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க. கடைசி ஓட்டத்தை அவங்களே ஓடட்டும்."

ஓடுங்க ஓடுங்கன்னு சொன்ன அதே வாய்! மாமியாரிடம் வேறு, "அக்காவுக்கு வயசாகுதுல்ல அத்தை" என்றாளாம். எனக்கு முப்பத்தொன்பது, அவளுக்கு முப்பத்தாறு. மூணு வருஷத்துல என்னடி பெரிய வயசு?

"விடு, வீட்டுக்குள்ள எதுக்கு வம்பு" என்கிறார் இவர். விடறதா? நானா?

மார்ச் 21, வெள்ளி

எலும்பு டாக்டரிடம் போனேன். "எங்க வலிக்குது, தொட்டுக் காட்டுங்க" என்றார் அந்த அம்மா. ஆள்காட்டி விரலை வைத்தேன். அவர் முகமே மாறிவிட்டது. "உள்ளங்கையால தடவி இங்கெல்லாம்னு காட்டினா நான் பயப்பட மாட்டேன். இப்படி ஒரே விரலால ஒரே இடத்தைக் காட்டினா எலும்பைச் சந்தேகப்படணும்." ஸ்கேனில் முடி கனத்துக்கு விரிசல். மூன்று மாதம் ஓடக் கூடாது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் எலும்பு இரண்டாகப் போயிருக்குமாம்.

இரண்டாக! இனி அவளோடு பேச்சே கிடையாது.

இல்லை — பேசணும். சிரிச்சு சிரிச்சுப் பேசணும்.

ஏப்ரல் 9, புதன்

அவள் ஓடக் கிளம்புகிற நேரம் பார்த்து மேலிருந்து கால்மிதியை உதறினேன். தலையெல்லாம் தூசி என்று புலம்பினாள். "ஐயோ, பாக்கலையேம்மா" என்றேன்.

மே 2, வெள்ளி

கோச் அவளுக்கு 'மான்குட்டி' என்று பட்டம் கொடுத்திருக்கிறாராம். மான்குட்டியாம், மான்குட்டி. சாப்பிடப் பிடிக்கவில்லை.

மே 20, செவ்வாய்

கடைக்கு வந்தாள். "ரெண்டு வாரமா கால் வலி அக்கா, ஏதாவது ஸ்ப்ரே இருந்தா குடுங்க."

"எங்க வலிக்குது?"

குனிந்து தொட்டுக் காட்டினாள். ஒரே விரல். ஒரே இடம்.

ஸ்ப்ரேயை எடுக்கத் திரும்பினேன், திரும்பி வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். "பாதி வலி மனசுலதான். ஓடு, தானா சரியாயிடும்." 'ங்க'வைத் தவிர ஓர் எழுத்து மாறாமல் அவள் சொன்னதையே சொன்னேன். அவளுக்கு ஞாபகமே இல்லை! "நீங்க சொன்னா தைரியமா இருக்கு அக்கா" என்று போய்விட்டாள்.

நாள் முழுக்க பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேனாம். கூட வேலை பார்க்கிற பெண் கேட்கிறாள், என்ன விசேஷம் என்று.

மே 27, செவ்வாய்

கொழுந்தன் மேலே வந்தார். "நொண்டுறா அண்ணி. நிறுத்துன்னா என்னை முறைக்கிறா. நீங்களாவது சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பா."

"அவ மான்குட்டி. அவளுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

செய்வது சரியா? அவ செய்தப்ப யோசிச்சாளா?

ஜூன் 5, வியாழன்

படியைப் பக்கவாட்டில் இறங்குகிறாள், ஒவ்வொன்றாக. அப்படித்தான் நானும் இறங்கினேன். எவ்வளவு வலிக்கும் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள், "கடைசி ஓட்டம் எனக்குன்னே அமைஞ்சது பாருங்க அக்கா" என்றாள்.

உனக்குன்னே அமைஞ்சதாடி? சரி, ஓடு.

ஜூன் 8, ஞாயிறு

போட்டி நாள். நாலாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் விழுவதைப் பார்க்கத்தான் போனேன், எதுக்குப் பொய்.

விழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள், என்னைப் பார்த்ததும் "அக்கா!" என்று கையை ஆட்டிக்கொண்டே போய்விட்டாள். அணிக்கு இரண்டாம் இடம். போட்டோ எடுக்க ஆள் வேண்டுமாம், என் கையில் போனைத் திணித்தார்கள். அவள் தலையை வெட்டிவிட்டு எடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் படிக்கட்டில் ஏதோ விழுந்த சத்தம். ஓடிப் பார்த்தால் அவள். கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கத்தவில்லை. "அக்கா" என்று மட்டும் கூப்பிட்டாள். கொழுந்தன் வேலைக்குப் போயிருந்தார். நானும் இவரும்தான் தூக்கிக்கொண்டு போனோம்.

அதே டாக்டர். வேறே டாக்டரே கிடைக்கலையா இந்த ஊர்ல?

"முன்னாடியே வலி இருந்திருக்குமே. யார்கிட்டயும் காட்டலையா?"

"அக்காகிட்ட காட்டினேன் டாக்டர். எல்லாரும் நிறுத்துன்னாங்க, அக்கா ஒருத்தங்கதான் தைரியம் சொன்னாங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க மார்ச்ல வந்தவங்கதானே? ஒரு விரலால காட்டினா என்னன்னு உங்களுக்கு நானே சொன்னேனே?"

"ஆமா" என்றேன்.

ஓரகத்தி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டுத் தொலைச்சிருக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

எலும்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். மாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டார். "இந்தக் காலோட உன்னை யாருடி ஓடச் சொன்னது?"

பழக்கூடையோடு கதவுப் பக்கம் நின்றிருந்தேன்.

"யாரும் சொல்லலை அத்தை. எல்லாம் என் திமிர்தான்."

ஏன்? காட்டிக் கொடுத்திருக்கலாமே. நானா இருந்தா ஊரையே கூட்டியிருப்பேன். இதை எதற்குப் பொத்தி வைத்துக்கொண்டிருக்கிறாள், எப்போது வெளியே எடுப்பாள்? ஒருவேளை எதற்குமே இல்லையா? அப்படியிருந்தா நான் என்ன பண்றது?

ஜூலை 4, வெள்ளி

எனக்கு எலும்பு கூடிவிட்டது, ஓடலாம் என்று டாக்டர் சொல்லி எட்டு நாள் ஆகிறது. வலி துளிகூட இல்லை. கோச் கூப்பிடுகிறார், கடைசி ஓட்டம் மறுபடி எனக்கே என்கிறார்.

காலையில் நான் ஓடக் கிளம்பும்போது அவள் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு தெருப்பக்க ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஜன்னல் மறையும் வரை நடந்துதான் போகிறேன்.