கறுக்காத ஓரம்

ஜூன் 3, செவ்வாய்

லேபுக்குள் போகிறவர்களுக்கு வெள்ளை அங்கி எடுத்துக் கொடுப்பது என் வேலை. வெளி அறையிலேயே முகமூடி போட்டுக்கொண்டுதான் என்னிடம் வருவார்கள். லேப் தலைவர் ஹரிஷ்குமார் சாரிடம், மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க, முகம்தான் காணோம் என்றேன். சிரித்தாரா, தெரியவில்லை. முகமூடிக்காரர்களைக் கிண்டல் பண்ணுவது நஷ்ட வியாபாரம். ஆராய்ச்சி பண்ணுகிற சௌம்யா மட்டும் கண்ணாலேயே சிரிப்பாள்.

ஜூன் 5

சௌம்யா ஒரு சிலிக்கான் தகடு காட்டினாள். அதில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அப்படிப் பளபளப்பு. கண்ணுக்கே தெரியாத மணிகளைத் தண்ணீரில் கலந்து அதன்மேல் விடுவாளாம். காயும்போது மணிகள் தானாக நெருங்கி வரிசையாக உட்காருமாம். பிறகு அரித்தெடுத்தால் மணிக்கு அடியில் இருப்பது மட்டும் புல் மாதிரி நிற்கும், தகடு கறுத்துவிடும். அதில் விழுந்த வெயில் திரும்பிப் போகாதாம். சோலாருக்கு அதுதான் வேண்டுமாம்.

"யாருடி அதுங்கள உட்கார வைக்கிறது?"

"யாருமில்லக்கா. தொந்தரவு பண்ணாம விட்டா அதுங்களே வந்து உட்காரும்."

கொடுத்து வைத்த மணிகள். என் வீட்டுக்காரர் செத்து மூன்று வருஷம். ஒக்கலிபுரத்து வீட்டில் எனக்குப் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள்?

ஜூன் 10

டிவியில் சீரியல் மாமியாரைத் திட்டினேன். திருப்பித் திட்ட ஆளில்லை. படுத்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

தகடு மறுபடியும் ஒரு ஓரம் கறுக்கவில்லை. இந்த மாசத்துக்குள் ஒன்றாவது முழுசாகக் கறுக்காவிட்டால் ப்ராஜெக்டை மூடிவிடுவார்களாம், சௌம்யா சேலத்துக்கே போக வேண்டுமாம். அவளைச் சிரிக்க வைக்க இரண்டு தடவை உள்கதவைத் திறந்து பேசிவிட்டு வந்தேன்.

ஜூன் 18

சௌம்யா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கதவுப் பக்கத்து ஓரம்தான் கெடுது. நீங்க தொறக்குறப்போ காத்து வருது, மணியெல்லாம் கலைஞ்சிடுது."

"என் வாய்தான் உன் தகட்ட வெளுக்குதுன்னு சொல்லேன்" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை. நாள் பூரா எனக்கு இருந்தது அந்தக் கதவு ஒன்றுதானே — அதையும் நானே சாத்தணுமா? ஆமாம், வேற யாரு சாத்துவா.

ஜூன் 20

கதவு வரைக்கும் போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். திரும்பி வந்து, மடித்த அங்கியையே மறுபடி மடித்தேன்.

ஜூன் 24

வாசல் செக்யூரிட்டி கிருஷ்ணப்பா, "ஏனம்மா, மாத்தே இல்லா?" என்றார், பேச்சையே காணோமே என்று. என் வாய் மூடியிருப்பது கன்னடத்துக்கும் கேட்டுவிட்டது போல. தொண்டை கட்டிக்கொண்டது என்று சைகை காட்டினேன்.

ஜூன் 27, வெள்ளி

சௌம்யா உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினாள். தகட்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஓரம்வரைக்கும் கறுப்பு. எட்டிப் பார்த்தேன், என் முகம் அதில் தெரியவில்லை.

ப்ராஜெக்ட் தொடருமாம், ஹரிஷ்குமார் சார் சொன்னார். சாயங்காலம் மாடியில் எல்லோருக்கும் கேக். கீழே அங்கிகளோடு நான்.

நாளையிலிருந்தும் கதவு சாத்தித்தான் இருக்கணும்.

ஜூலை 1

மத்தியானம் சௌம்யா புதுத் தகட்டில் மணி கலந்த தண்ணீரை விட்டு மூடி வைத்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். அங்கியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்து வெளி அறைக்கு இழுத்துப் போனாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து முகமூடியை எடுத்தாள்.

"காய ஒரு மணி நேரம் ஆகும்கா. இப்போ பேசுங்க."

அவள் மூக்குத்தி போட்டிருக்கிறாள் என்பதே இன்றைக்குத்தான் தெரியும்.