வலது கால்

குட்டிம்மாவுக்கு,

நீ சேர்த்துவிட்ட தியான வகுப்புக்குத் தவறாமல் போகிறேன். "மனசு லேசாச்சாப்பா?" என்று போனில் கேட்டாயே, அதற்கு வாயால் பதில் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

கண்ணை மூடி உட்கார்ந்தால் மனசு காலியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் வாரம் அப்படியே ஆனது. எனக்கு ஒரே பெருமை. பக்கத்தில் உட்காரும் டெய்லரம்மாதான் அதைக் கெடுத்தார். "அண்ணே, அது தியானம் இல்ல. குறட்டை விடுறீங்க."

அதன்பிறகு தூங்காமல் உட்கார்ந்தேன். முட்டிவலி என்று எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து கண்ணை மூடியதும் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கால். எப்படி நிறுத்துவது என்று டீச்சரிடம் கேட்டேன்.

"நிறுத்தணும்னு யார் சொன்னா? எதையும் விரட்டறதுக்கு இல்லைங்க இது. கால் அழுத்தட்டும். எதுக்கு அழுத்துதுன்னு மட்டும் பாருங்க."

பார்த்தேன். பத்து நாளாக, பஸ் மோதிய அந்தச் சுவர்தான் வருகிறது.

பிரேக் பிடிக்கவில்லை என்று விசாரணையில் சொன்னேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். நொறுங்கிய வண்டியில் யாராலும் சோதித்துப் பார்க்க முடியவில்லை. மெக்கானிக்கை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். தெருவில் பார்த்தால் அவர் இன்னும், "உடம்பு பரவாயில்லையாண்ணே?" என்றுதான் கேட்கிறார்.

மனசு லேசாகவில்லை, குட்டிம்மா. நாளைக்கு டிப்போ மேனேஜரைப் பார்க்கப் போகிறேன். முதலில் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கும் நான் தூங்கிவிட்டேன்.

உன் அப்பா