அப்பாவுக்கு நட்ட கல்

மணமை,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி தீனதயாளனுக்கு அக்கா ரேணுகா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனை நீ எடுப்பதில்லை, அனுப்புகிற செய்தியையும் படிப்பதில்லை. காகிதத்தையாவது பிரித்துப் பார்ப்பாய் என்று உன் கம்பெனி முகவரிக்கு இதை அனுப்புகிறேன்.

அப்பா போய் இன்றோடு நாற்பது நாள். "என் சாவுக்கும் வராதடா" என்று அவர் கத்தியதை அப்படியே பிடித்துக்கொண்டு நீயும் வரவில்லை. ரோஷத்தில் அவருக்குத் தப்பாமல் பிறந்தவன் நீ. சித்தப்பா மகன் ஜெயக்குமார்தான் கொள்ளி வைத்தான்.

கருமாதி வரைக்கும் அப்பாவாக நினைத்து ஒரு கல்லை நடுவார்கள் அல்லவா? அங்கேதான் தப்பு நடந்தது. நீ வேலை பார்க்கும் ஜாவாவிலிருந்து அனுப்பிய எரிமலைக் கல்லை அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டாள். "புள்ள கை பட்ட கல்லு இதான், இதையே நடுங்க" என்றாள். அழுகிறவளிடம் யார் மறுத்துப் பேசுவது? பதினாறாம் நாள் மாமல்லபுரம் கடலில் ஜெயக்குமார் அதைத் தோளுக்குப் பின்னால் எறிந்தான். எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். நான் பார்த்துவிட்டேன். கல் மிதந்துகொண்டிருந்தது.

பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள் நான். எனக்குக் காரணம் தெரியும். உன் ஊர்க் கல், தீக்குழம்பு நுரைத்துப் பொங்கி, வெளியே வந்த வேகத்தில் ஆறி இறுகியது. உள்ளே முழுக்கக் காற்று. அப்பா குவாரியில் வாழ்நாளெல்லாம் வெடி வைத்து உடைத்த நம் ஊர்க் கருங்கல் வேறு. பூமிக்கடியில் பல மைல் ஆழத்தில் அழுந்தி, உருகாமலே வெந்து, உள்ளுக்குள் மாறியது. கையளவு துண்டே அப்படிக் கனக்கும். யார் எந்தக் கல் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு நடந்ததற்குத்தான் எனக்குக் காரணம் தெரியவில்லை. மூன்றாம் நாள், எறிந்த இடத்திலேயே அது கரையில் கிடந்தது. ஜெயக்குமார் ஒரு கருங்கல்லோடு சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து, தெரிந்தவர் படகில் போய் ஆழத்தில் போட்டான். ஐந்து நாளில் துணி ஒதுங்கியது. போட்ட முடிச்சு அப்படியே இருந்தது, துணியில் ஒரு கிழிசல் இல்லை. உள்ளே உன் கல் மட்டும்தான். கருங்கல்லைக் காணோம். "எனுக்கு பயமா கீதுக்கா, இனிமே என்னாண்ட குடுக்காத" என்று சொல்லிவிட்டு ஜெயக்குமார் போய்விட்டான்.

இப்போது அது நம் வீட்டில் இருக்கிறது. இரண்டு வாரமாக வெயிலில் வைத்தும் அடியில் ஈரம் கசிகிறது. தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. "அவரு போவல ரேணு, புள்ளைய கேட்டுகினு கீறாரு" என்று சொல்லி அம்மா அதற்குத் தினமும் இலை போடுகிறாள். இலையில் சோறு குறைகிறது தம்பி. அம்மா அதிலிருந்து ஒரு வாய்கூட எடுப்பதில்லை, நான் பக்கத்திலேயே இருந்து பார்க்கிறேன்.

நேற்று மத்தியானம் அம்மாவையும் கல்லையும் காணவில்லை. ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்கு ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். "அவன் வரமாட்டான், நானே கூட்டிகினு போய் வுட்டுடறேன்" என்றாள். கரைக்கு இழுத்து வந்து மடியை அவிழ்த்தேன். உன் கல் ஒன்று இருந்தது. அதோடு நம் ஊர்க் கருங்கல் ஆறு.

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். எத்தனை நாள் முடியும் என்று தெரியவில்லை. அப்பா கோபத்தில் சொன்னதை இனி அவர் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அவருக்காக நான் வாங்கிக்கொள்கிறேன். வந்து இந்தக் கல்லை உன் கையால் கடலில் விட்டுவிட்டுப் போ.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அம்மாவும் இருக்க வேண்டும்.

உன் அக்கா,
ரேணுகா