தபசும் மரக்காளானும்

1961 பிப்ரவரி 9
இவருடைய வலது கால் கட்டைவிரல் நத்தத்து மாம்பழம் மாதிரி சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டாலும் கத்துகிறார். தையல் மிஷினை நான் மிதிக்க, இவர் துணியைத் தள்ளுகிறார்.
"மெதுவா மிதி புள்ள. இது ரவிக்கை, கூட்ஸ் வண்டி இல்ல."
"கால் என்னுது, பேரு மட்டும் ஸ்தனிஸ்லாஸ் டெய்லரா? போர்டுல என் பேரையும் எழுதுங்க" என்றேன்.
சிரித்தார். கொல்லைக்குப் போய் வந்தவர் சிரிக்கவில்லை. நீர் கலங்கலாகப் போகிறதாம்.

பிப்ரவரி 12
ரத்தத்தில் யூரிக் ஆசிட் என்று ஓர் உப்பு கூடியிருக்கிறது என்றார் டவுன் டாக்டர். மூட்டில் சேர்ந்தால் வீக்கம், கிட்னியில் சேர்ந்தால் கல். மாத்திரை கொடுத்தார். கறி, ஈரல் கூடாது என்றார். ஈரல் இல்லாமல் இவரா? கல்யாணத்தன்று என் முகத்தைப் பார்த்ததைவிடப் பந்தியைத்தானே அதிகம் பார்த்தார்.
ஆனால் கிட்னி என்ற சொல் காதிலேயே நிற்கிறது. இவருடைய அண்ணன் அதில்தான் போனார்.

பிப்ரவரி 14
மாத்திரை வயிற்றைக் கலக்குகிறது என்று நிறுத்திவிட்டார். நத்தத்தில் இருந்து புளி கொண்டுவரும் சோலைமுத்து ஒரு மரக்காளானைக் கொடுத்தான். மாமரத்தில் முளைத்ததாம். பலகை மாதிரி கெட்டி.
"திங்குற காளான் இல்லக்கா. சீவிக் கொதிக்கவச்சுத் தண்ணிய மட்டும் குடுங்க. எங்க பக்கம் கால் வீக்கத்துக்கும் நீர்க்கடுப்புக்கும் குடிப்பாங்க. உப்ப எறக்கிரும்."
"செருப்புக்கு அடி வைக்கலாம் போல இருக்கே அப்பு" என்றேன்.
நாளை விபூதிப் புதன், நாற்பது நாள் தபசு ஆரம்பம். நல்ல நாள். நாளையே தொடங்கலாம்.

பிப்ரவரி 15
குடித்தார். அந்த முகத்தைப் பார்க்கணுமே! கோயிலில் நெற்றியில் பூசிய சாம்பல்கூட இதைவிட ருசியாக இருக்குமாம்.

மார்ச் 3
விரல் வற்றிவிட்டது! செருப்புக்குள் நுழைகிறது. தெருக்குழாயில் எல்லாரிடமும் காளான் பெருமைதான் பேசினேன். செபாஸ்தியம்மாள் வைத்தியசாலை என்று போர்டு வைக்கப் போறேன் என்றேன்.
இருந்தாலும் இவர் கொல்லைக்குப் போய் வந்தால் முதலில் முகத்தைத்தான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 2
பாஸ்குத் திருநாள், ஆண்டவர் உயிர்த்த நாள். தபசு முடிந்தது. நாத்தனார் அமலராணி வீட்டில் விருந்து. ஈரல் வறுவல், எலும்புக் குழம்பு. நான் கொஞ்சம் தயங்கினேன்.
"என்ன மதினி, அதான் காளான் தண்ணி இருக்குல்ல?" என்றாள்.
அதுவும் சரிதானே. முதலில் ஒரு டம்ளர் காளான் தண்ணீர், பிறகு இலை நிறையக் கறி.

ஏப்ரல் 5
மறுபடி வீங்கிவிட்டது. மூன்று நாளாகத் திருநாள் கறிதான், காளானையும் விடவில்லை. பிறகு ஏன்? இன்று இரண்டு மடங்கு போட்டுக் கொதிக்கவைத்தேன்.

ஏப்ரல் 7
நீர் சரியாகப் போகவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். முகம் உப்பிப்போச்சு. அது விஷக்காளானா? ரெண்டு மடங்கு ஊத்தினது நான்தானே — மாதாவே, நான் என்ன செஞ்சேன்?
"கேலி பண்ணு புள்ள, நீ பேசாம இருந்தாத்தான் பயமா இருக்கு" என்கிறார். 

ஏப்ரல் 9
மதுரை பெரிய ஆஸ்பத்திரி. மிச்சக் காளானை முந்தானையில் முடிந்து கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். இதுதான் கொன்னுச்சா என்று கேட்டேன்.
"அவர் இன்னும் இருக்கார்மா. இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நல்லதுன்னும் சொல்ல மாட்டேன், கெட்டதுன்னும் சொல்ல மாட்டேன். இனிமே குடுக்காதீங்க. முன்னாடி வீக்கம் எப்ப வத்துச்சு?"
"தபசு காலத்துல."
"அப்ப கறி சாப்பிட்டாரா?"
"தபசுல யாராச்சும் கறி திம்பாங்களா டாக்டரம்மா?"
சொன்ன பிறகுதான், நான் சொன்னது எனக்கே கேட்டது. அந்தம்மா பேனாவை மூடினார்.

ஏப்ரல் 10
இன்னும் நீர் சொட்டுச் சொட்டாகத்தான்.

ஏப்ரல் 12
கல் இறங்கிவிட்டது. நர்ஸ் நீர்ப் பாத்திரத்தைக் காட்டினாள். கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி ஒரு மாதிரி பார்த்தாள், பார்க்கட்டும். ஒரு கிட்னி கொஞ்சம் கெட்டுவிட்டதாம். அது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. மாத்திரையை விடவே கூடாது. இனி இவருக்கு வருஷம் பூராவும் தபசு.

டிசம்பர் 25
கிறிஸ்துமஸ். தெரு முழுக்கக் கறி மணம். அமலராணி ஒரு தூக்குவாளியில் கறி, எனக்கு மட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததுமுதல் நானும் தொட்டதில்லை. மூடியே வைத்திருந்தேன். இவர் என் பக்கம் தள்ளினார்.
"பழுது என் கிட்னிதானே? ஒனக்கென்ன கேடு, தின்னு."
தின்றேன். இவர் சுரைக்காய்க் கூட்டைப் பிசைந்துகொண்டு என் வாயையே பார்த்தார்.
"எப்படி இருக்கு?"
"ஒங்க தங்கச்சிக்கு இன்னும் உப்புப் போடத் தெரியல" என்றேன்.
அப்படியா என்று இன்னொரு கை கூட்டு போட்டுக்கொண்டார். நான் ஒரு எலும்பைக்கூட விடவில்லை.