பொட்டு வைத்த ஆக்சில்

12 ஜூன் 1974, புதன்

இன்னும் கோபம் ஆறவில்லை.

மாப்பிள்ளையின் ஜீப்புக்குப் பின்சக்கர அச்சு, அதாவது ஆக்சில், பார்க்க அவரோடு பட்டறைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் காட்டுவழியில் அருவிக்குப் போகிறார். புது ஆக்சில் மதராஸிலிருந்து வர ஒரு வாரம் ஆகுமாம். மெக்கானிக் ஒரு பழைய ஆக்சிலை எடுத்து வைத்தார். அதன் நடுவில் பட்டையாகச் சந்தனம், மேலே குங்குமம்.

வண்டியில் மாட்டிய பிறகுதானே பூசை? துண்டால் துடைத்துப் பார்த்தேன். அடியில் சுற்றிலும் வெல்டிங் தழும்பு.

"இன்னா வாத்தியாரே, சாமி பொட்டை அழிச்சிட்டீங்க!"

"ஒடிஞ்ச சாக்பீஸை ஒட்டி எழுதினா என்னப்பா ஆகும்? அழுத்திக் கோடு போட்டா அதே இடத்துலதான் ஒடியும்."

"நம்ம வெல்டிங்கு சாக்பீஸா சார்? இதே மாதிரி போட்டு லாரியே ஓடிகினு இருக்குது."

அவரைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மாப்பிள்ளை சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. "சவாரி போற நேரத்துல பொட்டை அழிக்கலாமா மாமா? அபசகுனம்." தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முன் சீட்டில் என் மகளும் அல்லவா போகிறாள்!

ஞாயிறு கழித்துத் தருகிறேன் என்று சொல்லி, ஆக்சிலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடைத்தெருவே சிரித்தது. இப்போது அது என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. மாப்பிள்ளை இரண்டு முறை கதவருகே வந்து செருமிவிட்டுப் போனார்.

செருமட்டும். ஞாயிறு கழியும்வரை நான் இந்தக் கட்டிலை விட்டு வேறு இடத்தில் படுக்கப் போவதில்லை.