நிலாவுக்குப் போய்வந்த மாத்திரை

மார்ச் 3, திங்கள்

இளைஞர் போதை மாத்திரைத் தடுப்பு ஒருங்கிணைப்பாளர் என்னும் மாமன்னனாகிய நான், மூன்று துறைகளுக்கு நடுவே இன்றும் கொலு வீற்றிருந்தேன். வழக்கு ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றியது. வீடுகளில் மிஞ்சிக் கிடக்கும் வலி மாத்திரைகளை மக்கள் அதில் கொண்டுவந்து போட வேண்டும். பெட்டி வந்து ஒன்பது வாரமாகிறது. என் அறையில் நிற்கிறது, தலையில் என் குடையோடு. சாவி யாரிடம் இருப்பது என்பதுதான் முடிவாகவில்லை.

“மருந்துன்னா அவங்கதானே சார்” என்றார் காவல் துறைக்காரர்.

“போதைன்னா நீங்கதானே” என்றார் சுகாதாரத் துறை அம்மா.

கல்வித் துறைக்காரர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

மாத்திரை அதிகமாகி மூச்சு அடங்கும் பிள்ளைக்கு மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்று உண்டு. அதைப் பள்ளிகளுக்குத் தருவது கூட்டத்தின் நான்காவது பொருள். நேரமில்லை. மூன்றாவது முறையாகத் தள்ளிவைத்தேன்.

மார்ச் 5, புதன்

முட்டி அறுவைக்குப் பின் மிஞ்சிய என் மாத்திரைகளை உறையிலிட்டு, ‘பெட்டி திறந்ததும்’ என்று எழுதி என் வீட்டு இழுப்பறையில் வைத்தேன். ஒழுக்கத்தில் என்னை மிஞ்ச ஈரேழு உலகிலும் ஆளில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மாடி வீட்டிலிருந்து அக்காவும் அவள் மகள் சுண்டெலியும் சாப்பிட வந்தார்கள். சுண்டெலிக்குப் பதினாறு. பரீட்சை பயத்தில் மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லையாம். சிரிக்க வைக்கலாமென்று என் அறுவைப் புராணத்தை எடுத்தேன்.

“ஒரே ஒரு மாத்திரை. கட்டிலோட கிளம்பிட்டேன். நிலாவுல இறங்கி, ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டுத் திரும்பி வந்தேன். அப்படி ஒரு நிம்மதி.”

“இன்னும் இருக்கா மாமா?”

“ஒரு யானைக் கூட்டத்தையே தாலாட்டுற அளவுக்கு இருக்கு.”

அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். சுண்டெலி மட்டும் சிரிக்கவில்லை. கதையில் அப்படி லயித்துவிட்டாள் போல.

மார்ச் 12, புதன்

மறுபடி சாவிப் பஞ்சாயத்து. நடுவில் அக்காவின் போன். “டேய், பிள்ளை எழுந்திரிக்க மாட்டேங்குறாடா. உதடெல்லாம் நீலமா இருக்கு.”

எப்படி வீடு வந்தேனோ. அதற்குள் ஆம்புலன்ஸ் பெண் மூக்கில் மருந்தடித்திருந்தாள். நான்காவது பொருள். சுண்டெலி இருமினாள். அந்த ஒரு இருமல் —

கீழே என் இழுப்பறை திறந்து கிடந்தது. உறையில் பாதிதான் இருந்தது. என் கையெழுத்து மட்டும் முழுசாக: ‘பெட்டி திறந்ததும்.’

பெட்டிச் சாவிக்கு வாரக்கணக்கில் ஆள் தேடியவன் வீட்டுச் சாவி, அக்கா வீட்டு ஆணியில் தொங்குகிறது.

மார்ச் 13, வியாழன்

“தலைவலி மாத்திரைன்னு நினைச்சுட்டேன்” என்று மருத்துவரிடம் சொன்னாள் சுண்டெலி. அக்கா நம்பினாள். சுண்டெலி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

என்னைக் காட்டிக் கொடுக்கல. படுக்கையில கிடக்கிற பிள்ளை என்னைக் காப்பாத்துது. ஊர் காதைப் பொத்துற அளவுக்குப் பேசுறவன் நான், வாயைத் திறக்கல. ஏன்?

மார்ச் 15, சனி

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். உறையைப் பற்றி மட்டுமல்ல. நிலாக் கதைதான் அவளை அந்த இழுப்பறைக்கு அனுப்பியது என்றும்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “அவ தூக்கம் வரலைன்னு சொன்னா. நீ கதை சொன்னே. நானும் சிரிச்சேன்.”

குவியலில் என் சட்டை ஒன்றும் இருந்தது. அதை மடிக்காமல் ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

மார்ச் 19, புதன்

நான்காவது பொருளை முதலில் எடுத்தேன். யாரும் மறுக்கவில்லை. அடுத்து சாவி. “என் பேர்ல எழுதிக்குங்க” என்றேன்.

“விதியில இடமில்லையே சார்” என்றார் காவல் துறைக்காரர்.

“என் அக்கா மக என் மாத்திரையைப் போட்டு மூச்சு நின்னு கிடந்தா சார். அதுக்கு எந்த விதியில இடம் இருந்துச்சு?”

கல்வித் துறைக்காரரின் பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது. எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டும் முடிய ஏழு நிமிடம். ஏழே நிமிடம். இதில் எனக்கு மிகைப்படுத்த எதுவுமில்லை.

குடையை எடுத்தேன். பெட்டிக்குள் விழுந்த முதல் உறை என்னுடையது.

ஏப்ரல் 6, ஞாயிறு

சுண்டெலி மனநல ஆலோசகரிடம் போய்வருகிறாள். கொஞ்சம் தூங்குகிறாளாம். அக்கா என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. இன்று சுண்டெலியே கீழே இறங்கி வந்தாள்.

“மாமா, நெஜமாவே நிலாவுல என்ன இருந்துச்சு?”

“நிலாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் வாந்தி. வலி தாங்காம உங்க அம்மாவைக் கூப்பிட்டு அழுதேன்.”

“இந்தக் கதை நல்லாவே இல்ல.”

“தெரியும்.”

“இதையே அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்.”

தலையை ஆட்டினேன்.

அக்கா வாசலில் நின்றிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. என் சட்டையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். மடித்திருந்தது.