‘எம்பெல்லிஷ்’ என்னும் சொல் செங்குன்றத்தில் செய்தது

நலம் பெருகுக, நாடு செழிக்க. வெள்ளாற்று நாடாளும் மாமன்னர் பணித்தபடி, மூத்த அமைச்சர் பொறையூர் கிழார், பகைவர் கனவிலும் நடுங்கும் தோளினர் என்று தம்மைத் தாமே எழுதிக்கொள்ளும் படைத்தலைவர் மழவர்கோனுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் பாசறையும், சிறப்பாக அதன் மடைப்பள்ளியும் குறைவின்றி விளங்குக.

செங்குன்றக் கோட்டையை ஒரே பகலில் வென்றதாகத் தாங்கள் எழுதியது அவையில் வாசிக்கப்பெற்றது. போரை நேரில் கண்ட ஆங்கிலேய மாலுமி ஒருவனின் கடிதமும் அவ்வாரமே வந்தது. படைத்தலைவர் கூறும் வெற்றி மிகவும் ‘எம்பெல்லிஷ்’ செய்யப்பட்டது என்று அதில் கண்டிருந்தது. நம் துபாஷி நாகையனார் அச்சொல்லைத் துணி வணிகரிடம் கற்றவர். பட்டில் பூவேலை செய்வதற்கு அது வழங்கக் கேட்டவர். ஆகவே, அணிசெய்து பொலிவுற்ற வெற்றி என்று பெயர்த்துரைத்தார். மன்னர் உள்ளம் குளிர்ந்து, கோட்டையில் ஏற்றுவதற்கு நம் கொடியையும் எக்காளம் ஊதுவோர் பன்னிருவரையும் அத்துபாஷியாரிடமே ஒப்படைத்து அனுப்பினார்.

நாகையனார் கோட்டை வாயிலில் நின்று, உள்ளிருப்போர் நம் வீரரே என்றெண்ணி, கதவைத் திறக்குமாறு அன்போடு வேண்டினார். மதில்மேலிருந்த பகைவர் அம்பால் விடை கூறினர். எக்காளம் ஊதும் கொற்றனுக்குத் தோளில் தைத்தது. அவனை முதுகில் சுமந்துகொண்டு துபாஷியார் தாழம்புதருக்குள் ஒளிந்தார். அவன் தண்ணீர் கேட்கும்போதெல்லாம், அச்சொல்லைத் தாம் பிழைபட உரைத்தோமோ என்னும் ஐயம் அவர் நெஞ்சை அறுத்தது. திரும்பும் வழியில், கோட்டைக்கு இரண்டு காதம் இப்பால், மாந்தோப்பில் தங்கள் பாசறையைக் கண்டு மருத்துவர் வேண்டி நின்றார். வெற்றிக் களைப்பில் தாங்கள் உறங்குவதாகவும் எழுப்பலாகாது என்றும் காவலர் உரைத்தனர்.

கொற்றனை ஊரில் சேர்த்தபின், மாலுமியைத் தேடிச் சென்று பொருள் கேட்டார். துணியில் செய்தால் அது பூவேலை, செய்தியில் செய்தால் நடவாததைச் சேர்த்துச் சொல்லுதல் என்று அவன் விளக்கினான்.

நாகையனார் இதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை; அவை நடுவே தலைப்பாகையைக் கழற்றி வைத்து, பிழை தம்முடையதே என்றார். அச்சொல்லின் வழக்கை எடுத்துக்காட்டோடு விளக்குமாறு மன்னர் பணித்தார். துபாஷியார், மழவர்கோன் தம் தோல்வியை எம்பெல்லிஷ் செய்தார் என்றார். அவை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை, கொற்றன் பிழைத்தானா என்று மட்டும் கேட்டார். பிழைத்தான்.

துபாஷியார் பதவியில் நீடிக்கிறார். தங்களுக்கு ஆணை இது: ஓலை கண்ட ஏழாம் நாள் கோட்டையின் திறவுகோல் இங்கு வந்தாக வேண்டும். வாராதெனில், பட்டம் ஒன்றும் சேர்க்காமல் ‘தோற்றேன்’ என்று மட்டும் எழுதி, அவ்வோலையைத் தாங்களே சுமந்து வருக. நடந்தே வருக, குதிரைமேல் வருவது வென்றவர்க்கு உரியது.

மன்னர் வாய்மொழி இது. அரக்கு முத்திரை இடப்பெற்றது.